தேரிக்காட்டில் கிறிஸ்துமஸ் வாரம்

டிசம்பர் மூன்றாவது வாரம் பிறந்துவிட்டால் நாசரேத், சாத்தான்குளம், திசையன்விளைக் கடைவீதிகளில் தையல்காரர் சொன்னதுதான் சட்டம். யார் துணியை நீட்டினாலும், கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு வெட்டுப் பலகையின் மேல் குனிந்திருக்கும் மனிதர் நிமிராமலே, "இனிமே பொங்கலுக்குத்தான் அண்ணாச்சி" என்பார். நவம்பரிலேயே கொடுத்துவைத்தவர்களுக்கும் நிம்மதி கிடையாது. "காஜா எடுக்கணும், பட்டன் வைக்கணும், நாளைச் சாயங்காலம் பையனை அனுப்புங்க." அந்த நாளைச் சாயங்காலம் 24ஆம் தேதி ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நீளும். ரெடிமேட் கடைகள் ஊருக்கு ஊர் வந்த பிறகும் இந்த நெரிசல் தீரவில்லை. ஒரே தானில் வெட்டிய துணியில் அக்காவுக்குச் சுடிதார், தங்கைக்குப் பாவாடை, மிஞ்சியதில் தம்பிக்குச் சட்டை என்று குடும்பமே ஒரு நிறத்தில் கோயிலில் போய் உட்கார வேண்டுமென்றால் தையல்காரரை விட்டால் வழியில்லை. பாடகர் குழுப் பெண்களுக்கு ஒரே மாதிரி ஜாக்கெட், ஞாயிறு பள்ளி நாடகத்தில் வரும் மூன்று ஞானிகளுக்குப் பளபளக்கும் அங்கி, தேவதூதர்களுக்கு வெள்ளை கவுன் எல்லாம் அந்த ஒரு தையல் மெஷினுக்கு அடியில்தான் குவிந்து கிடக்கும்.

கிறிஸ்துமஸ் என்றாலே பத்திரிகைகளில் 25ஆம் தேதியின் ஆராதனையும் பிரியாணியும்தான் வருகின்றன. இந்தச் செம்மண் நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டால், அவர்கள் ஆசையாகப் பேசுவது அதற்கு முந்தின வாரத்தைப் பற்றித்தான். அந்த வாரம் முழுக்க யாராவது யாருக்காகவாவது காத்திருக்கிறார்கள். துணிக்காக, மாவு புளிப்பதற்காக, ரயிலுக்காக, கேரல் பாட வருகிறவர்களுக்காக. நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலம் என்று திருச்சபை நாட்காட்டி எதை அழைக்கிறதோ, அதை இந்த மக்கள் அடுப்படியிலும் திண்ணையிலும் ரயில் நிலையத்திலும் வைத்து அனுசரிக்கிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பாசஞ்சர் ரயிலில் ஒருமுறை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் இந்த நாட்டின் அமைப்பு புரிந்துவிடும். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெற்பயிரும் வாழையும். அடுத்து நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி. அதற்கு அடுத்த நிலையம் நாசரேத். பிறகு கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி. அதன் பின் பள்ளிவாசல்களின் ஊரான காயல்பட்டினம். கடைசியில் முருகனின் திருச்செந்தூர். கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில் என்பதால், ஆழ்வார்திருநகரியில் அரையர் சேவை நடக்கும் அதே நாட்களில் நாசரேத்தில் நட்சத்திரம் கட்டுகிறார்கள். ஒரே விடியற்காலையில் ஒரு பக்கம் திருப்பாவையும் இன்னொரு பக்கம் பாங்கும் வேறொரு பக்கம் கீர்த்தனையும் கேட்கும். இதில் வியப்படைகிறவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான்.

நாசரேத்துக்குத் தெற்கே இறங்கினால் தேரி. சிவந்த மணல் மேடுகள், பனை, உடை, முந்திரி. இந்த வறண்ட மண்ணில்தான் 1799இல் முதலூர் உருவானது. தாவீது சுந்தரானந்தம் என்கிற உபதேசியார் முன்னின்று, புதிதாகக் கிறிஸ்தவரானதற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் அது. பிறகு மெய்ஞானபுரம், சாயர்புரம், சுவிசேஷபுரம், பிரகாசபுரம், ஆனந்தபுரம் என்று வரிசையாக ஊர்கள் எழுந்தன. மெய்ஞானபுரத்தில் மிஷனரி ஜான் தாமஸ் கட்டிய ஆலயத்தின் கோபுரம் 192 அடி. பனங்காட்டுக்கு மேலே பல மைல் தூரத்துக்குத் தெரியும். இடையன்குடியில் ஆலயத்தைக் கட்டி முடிக்கக் கால்டுவெல்லுக்கு 33 ஆண்டுகள் பிடித்தன; 1880இல்தான் அர்ப்பணம் செய்ய முடிந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டவர், அதன் பிறகும் கால் நூற்றாண்டுக் காலம் கல்லும் சுண்ணாம்புமாக அலைந்துகொண்டிருந்தார். அடைக்கலம் தேடி வந்தவர்கள் கட்டிய ஊர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் இங்குள்ள கிறிஸ்துமஸைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவனைத் திண்ணையோடு அனுப்பாத பழக்கம் அந்த நினைவிலிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன்.

பலகார வேலை முதலில் தொடங்குவது அதிரசத்தில். முறுக்கை 23ஆம் தேதி கூடப் பிழிந்துகொள்ளலாம். அதிரசம் அப்படிக் கேட்காது. பச்சரிசியை ஊறவைத்து வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்பி, கையில் அள்ளினால் ஈரம் ஒட்டுகிற பதத்தில் எடுத்து இடிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்துவிட்டால் அதிரசம் விரியும், ஈரம் மிஞ்சினால் எண்ணெய் குடிக்கும். பிறகு கருப்பட்டி. பனை பதநீர் தருவது கோடையில். மார்கழியில் கடையில் கிடைப்பதெல்லாம் முந்தின பருவத்துச் சரக்கு. விலையும் ஏறித்தான் இருக்கும். ஆனாலும் பழைய கருப்பட்டிக்குத்தான் மணம் என்று அடுப்புக்கு மேலே பரணில் ஓலைப்பெட்டியில் போட்டுவைத்திருந்து எடுக்கிற வீடுகள் உண்டு. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சிமார்கள் அதற்கு வெகுகாலம் முன்னாலேயே உடன்குடிக் கருப்பட்டி என்று பெயர் சொல்லித்தான் வாங்கினார்கள்.

கருப்பட்டியைத் தட்டிப்போட்டுத் தண்ணீரில் கரைத்தால் மணலும் ஓலைத் துணுக்கும் அடியில் தங்கும். வடிகட்டி, வெங்கல உருளியில் காய்ச்சுகிறார்கள். இந்த இடத்தில் பேச்சு நின்றுபோகும். கிண்ணத்துத் தண்ணீரில் பாகைச் சொட்டவிட்டு விரலால் உருட்டிப் பார்க்கிற பெண்ணைச் சுற்றி நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். கரைந்தால் போதாது. டொக்கென்று தட்டினால் போச்சு, கல்லாகிவிடும். உருளவும் வேண்டும், அழுத்தினால் பிதுங்கவும் வேண்டும். "இப்ப இறக்குளா" என்று வீட்டில் மூத்தவள் சொன்ன அந்த நொடியில் உருளி இறங்கி, மாவு விழுந்து, சுக்கும் ஏலமும் எள்ளும் சேர்ந்து, மரக்கரண்டி சுழல ஆரம்பித்துவிடும். கிண்டிய மாவின் மேல் நல்லெண்ணெய் தடவி, பானைக்குள் வைத்து வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் அது அப்படியே இருக்கும். அந்தப் பானையை யாரும் திறக்கக் கூடாது, பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. அதிரசம் சுடுகிற நாளில் இந்த வீட்டுப் பெண் அந்த வீட்டுக்கும் அந்த வீட்டுப் பெண் இந்த வீட்டுக்கும் போய்க் கைகொடுப்பார்கள். ஒருத்தி தட்டிப்போட, ஒருத்தி திருப்பிவிட, ஒருத்தி இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிய, தனியாக ஒருத்தியால் முடிகிற வேலையா அது? இதில் கிறிஸ்தவர் வீடு, இந்து வீடு என்ற கணக்கெல்லாம் கிடையாது. தீபாவளிக்குக் கைகொடுக்கப் போனவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கைமாறு பெறுகிறார்கள்.

முதலூரில் மட்டும் வீட்டுப் பலகாரத்துக்குப் போட்டியாக மஸ்கோத் அல்வா வந்து நிற்கும். மைதாவைப் பிசைந்து ஊறவைத்துக் கரைத்துப் பாலெடுத்து, தேங்காய்ப் பாலும் சீனியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. நெய் ஒரு சொட்டு விடுவதில்லை. தேங்காய்ப் பாலிலிருந்து பிரிகிற எண்ணெயே போதும். ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பையில் இந்த அல்வாப் பொட்டலம் இல்லாவிட்டால் அவர்கள் ஊருக்கு வந்ததற்கே சாட்சி இல்லை.

தூத்துக்குடியில் இந்த வாரம் பேக்கரிகளுக்கு இரவு பகல் கிடையாது. கேக் ஆர்டர் ஒரு பக்கம், மக்ரூன் ஒரு பக்கம். போர்த்துக்கீசியர் வழியாகக் கரைக்கு வந்ததாகச் சொல்லப்படும் இந்தத் தின்பண்டத்துக்கு மூன்றே பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பருப்பு. வெள்ளைக்கருவை நுரை கெட்டியாக நிற்கும்வரை அடித்து, சீனியைச் சிறிது சிறிதாகத் தூவி, பொடித்த முந்திரியை நுரை அமுங்காமல் கலக்கிறார்கள். காகிதக் கூம்பில் நிரப்பி, தகட்டின் மேல் சுருள் சுருளாகப் பிழிந்து நுனியை மேலே இழுத்து விடும் கை ஒருநாளில் பழகிவிடுகிற கை அல்ல. விறகு அடுப்பில் ரொட்டி எடுத்து முடிந்த பிறகு தங்கியிருக்கும் மிதமான சூட்டில் அதை வேகவைப்பதுதான் பழைய முறை. சூடு கொஞ்சம் கூடினாலும் வெளுப்பு போய்விடும். வெந்து வந்த பிறகும் ஆபத்து தீராது. மார்கழிப் பனி பட்டால் நமத்துப்போகும். அதனால் ஆறியவுடன் காற்றுப் புகாமல் கட்டிவிட வேண்டும். வெள்ளைக்கரு மக்ரூனுக்குப் போனால் மஞ்சள் கரு கேக்குக்குப் போகும். இந்த வாரத்தில் எதுவும் வீணாவதில்லை.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பண்டிகைச் சீட்டு என்பது இங்கே பெண்களின் கையில் ஓடுகிற நிதி. ஜனவரியில் தொடங்கி வாரம் வாரம் கட்டி வருகிறார்கள். டிசம்பரில் சிலருக்குப் பணமாக, சிலருக்கு அரிசி, எண்ணெய், பருப்பு, பாத்திரம் என்று பொருளாகக் கிடைக்கும். சீட்டுப் பிடித்தவர் ஏமாற்றிவிட்டுப் போன ஆண்டுகளும் உண்டு. அந்த ஆண்டு அந்தத் தெருவில் அதிரசப் பானையே ஏறாது.

கோயிலுக்குள் போவோம். திருநெல்வேலி நாட்டுச் சபைகளில் கோயில்பிள்ளை என்று ஒருவர் இருப்பார். மணியடிப்பவர், பாய் விரிப்பவர், விளக்கேற்றுபவர், கல்லறைத் தோட்டத்தின் சாவி வைத்திருப்பவர். குருவானவர் மாறுவார், சபை ஊழியர் மாறுவார், கோயில்பிள்ளை அங்கேயேதான் இருப்பார். வெள்ளையடிப்பு முடிந்து, சுண்ணாம்புச் சொட்டுகளைத் தரையிலிருந்து சுரண்டி எடுத்து, ஆண்டு முழுக்கப் பரணில் கிடந்த பித்தளைக் குத்துவிளக்கையும் மெழுகுவர்த்தித் தண்டுகளையும் புளி போட்டுத் தேய்த்து, நட்சத்திரம் கட்டுவதற்குக் கோபுரத்தில் ஏறுவதும் அவர்தான். மூங்கிலைச் சிம்பாக்கி வளைத்துக் கட்டி, மைதாப் பசையில் வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே நாற்பது வாட் பல்பு போட்ட நட்சத்திரத்தின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிளாஸ்டிக் நட்சத்திரமும் எல்இடி மாலையும் வந்துவிட்டன. மழைக்கு அவை தாங்கும் என்பது உண்மை. ஆனால் பையன்கள் நாலு பேர் ராத்திரி கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து கையெல்லாம் பசையோடு, சண்டை போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு ஒட்டிய நட்சத்திரத்துக்கு அந்தப் பையன்களின் வயதுக்கும் ஊருக்கும் ஏற்ற ஒரு சந்தோஷம் இருந்தது. வாங்கித் தொங்கவிடுவதில் அது கிடைக்காது. இன்னும் சில ஊர்களில் போட்டி வைத்து, மூங்கில் நட்சத்திரத்துக்குத்தான் பரிசு என்று அறிவிக்கிறார்கள். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

பாட்டுப் பயிற்சி நவம்பரிலேயே ஆரம்பமாகிவிடும். இந்த வாரத்தில்தான் அது முதிர்கிறது. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இல்லாமல் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் கிறிஸ்துமஸ் இல்லை. கோயில்களிலும் அரசவையிலும் ஆடிப் பாடப்பட்ட குறவஞ்சியை எடுத்து 1800இல் 'பெத்லெகேம் குறவஞ்சி' என்று அவர் செய்த துணிவு, இன்று நினைத்தாலும் மலைக்க வைப்பது. ராகமும் தாளமும் தெரிந்த மக்களுக்கு அவர்களுடைய பாட்டிலேயே செய்தியைச் சொன்னார். இன்னொரு பக்கம் மேற்கத்தியப் பாமாலைகள். நான்கு குரல்களாகப் பிரித்துப் பாட வேண்டியவை. கோடு போட்ட நொட்டேஷன் தெரியாத பழைய பாடகர்கள் டானிக் சோல்ஃபா எழுத்துகளை வைத்தே டெனரும் பாஸும் கற்றுக்கொண்டார்கள். பகலில் பனை ஏறியவரும் கடையில் எடை போட்டவரும் ராத்திரி ஹேண்டலின் 'மேசியா'வில் தங்கள் குரலைத் தவறாமல் பிடித்த வரலாறு இந்த ஊர்களுக்கு உண்டு. கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் தாளம் வந்துவிடுகிற இந்நாளில், நாலு குரலையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற பாட்டு வாத்தியார்கள் இருக்கும் சபைகள் கொடுத்துவைத்தவை.

கடற்கரை ஊர்களில் வேறு வாசனை. மணப்பாடு, ஆலந்தலை, பெரியதாழை, உவரி எல்லாம் கத்தோலிக்கக் கரைகள். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்த கரை இது. இங்கே வாரத்தின் மையம் குடில். அசிசியின் பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் 1223இல் மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் காட்டிய அந்தக் காட்சி எண்ணூறு ஆண்டுகள் கடந்து வந்து, வலைக்கயிறும் பனையோலையும் சிப்பியும் கொண்டு கட்டப்படுகிறது. குடிலின் முன்னால் பச்சை வயல் வேண்டும் என்று தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்து, தண்ணீர் தெளித்து முளைக்கவைக்கிறார்கள். தினமும் காலையில் அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பது பிள்ளைகளின் வேலை. பாலன் சொரூபம் மட்டும் 24 நள்ளிரவு வரைக்கும் தொட்டிலில் இருக்காது.

இன்னும் தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சலிலும் மணக்குடியிலும் இந்த வாரம் கேக்குக்குக் கொடுக்கும் பணத்தோடு மெழுகுவர்த்திக்கும் பணம் எடுத்து வைக்கிறார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்தபோது பல வீடுகளில் பண்டிகைப் பலகாரம் டின்னில் அப்படியே இருந்தது. அந்தக் கரையில் ஒவ்வோர் ஆண்டும் 25ஆம் தேதிக்கு மறுநாள் கல்லறைத் திருப்பலியும் மௌன ஊர்வலமும் நடக்கின்றன. 2017இல் நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்துப்போன பிறகு வந்த கிறிஸ்துமஸில், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளில் நட்சத்திரம் ஏற்றலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். திரும்பி வந்துவிடுவார் என்று ஏற்றியவர்களும் இருந்தார்கள்.

தேரிநாட்டுக்கு அப்படியொரு வாரம் 2023இல் வந்தது. டிசம்பர் 17 ஞாயிறு, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று திருச்சபை பெயர் வைத்திருக்கும் நாள். ஊதா மெழுகுவர்த்திகளுக்கு நடுவே இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி ஏற்றுகிற நாள். அன்று பெய்யத் தொடங்கிய மழை விடவில்லை. மறுநாள் காலை அளந்தபோது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம் அது. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி வெள்ளம் வாழைத் தோட்டங்களுக்குள்ளும் ஊர்களுக்குள்ளும் புகுந்தது. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் சரக்கு எடுக்க வருகிற ஏரல் கடைத்தெருவில் பண்டிகைக்காக வாங்கி அடுக்கியிருந்த அரிசி மூட்டையும் துணிக் கட்டும் தண்ணீருக்குள் போயின. ஆற்றுப் பாலம் உடைந்து ஊர் தனித்துப்போனது.

ஞாயிறு இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துப்போயிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள். ஒரு பகுதியினரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனார்கள். மீதிப்பேர் ரயிலிலேயே இருந்தார்கள். முதலில் அவர்களுக்குச் சோறு கொடுத்தது பக்கத்திலிருந்த புதுக்குடி கிராமம். தங்கள் ஊரும் தண்ணீர் சூழ்ந்து நிற்கையில், இருந்த அரிசியைப் போட்டு உலை வைத்தார்கள். பெரும்பாலும் முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கூட்டம் அது. அவர்கள் எந்த ஊர், எந்தக் கோயில் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஹெலிகாப்டர் வந்ததும் மீட்பு முடிந்ததும் செய்திகளில் வந்தன. நான் மறக்காமல் வைத்திருப்பது அந்த உலையைத்தான்.

அந்த வாரத்தில் அதிரச மாவு புளிக்கவில்லை. மின்சாரம் இல்லாத தெருக்களில் நட்சத்திரமும் எரியவில்லை. தையல் மெஷினைத் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கி வெயிலில் வைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். 23ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி. தாமிரபரணிக் கரையிலுள்ள பெருமாள் கோயில்களைச் சுற்றி இன்னமும் சேறு. 25ஆம் தேதி காலையில் ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்து பழைய உடுப்பை மாற்றிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தவர்கள் உண்டு. பண்டிகைச் சோறு நிவாரணப் பொட்டலத்தில் வந்த அரிசியில் வெந்தது. அரசு கொடுத்த 6,000 ரூபாயில் எதை முதலில் வாங்குவது என்று எண்ணிப் பார்த்த குடும்பங்களைக் கேட்டால், அந்தக் கிறிஸ்துமஸைத் துக்கமாக மட்டும் சொல்வதில்லை. எதிர்வீட்டு மாடியில் எல்லோரும் ஒன்றாகக் கிடந்தோம், அங்கேதான் பாட்டுப் படித்தோம் என்கிறார்கள்.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது ஜனவரியில். இந்தப் பாதையில் ரயில் ஓடாத கிறிஸ்துமஸ் என்பது எத்தனை பெரிய இழப்பு என்பதை 23ஆம் தேதி காலையில் நாசரேத் ரயில் நிலையத்தில் நின்றால்தான் உணர முடியும். அறுபது நாளைக்கு முன் முன்பதிவு திறந்த காலையிலேயே நெல்லை எக்ஸ்பிரஸும் முத்துநகரும் செந்தூரும் நிரம்பிவிடும். அக்டோபரில் டிக்கெட் எடுத்தவன் டிசம்பரில் வந்து இறங்குகிறான். பெட்டி, அட்டைப்பெட்டி, தூக்கத்திலிருக்கும் குழந்தை, குழந்தையின் கையில் பிய்ந்த பலூன். ஆம்னி பஸ்ஸில் மூன்று மடங்கு கொடுத்து வந்தவர்கள் திருநெல்வேலியில் இறங்கி மாறி வருகிறார்கள். நிலையத்துக்கு வெளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோ பேசி நிறுத்தியிருக்கும் அப்பா, "வண்டி லேட்டாலே?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கமாட்டார். பேரப்பிள்ளையை மட்டும் கைநீட்டி வாங்கிக்கொள்வார்.

வராதவர்களும் இருக்கிறார்கள். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காக, அதாவது அவர்கள் வராத வீடுகளுக்காகத்தான். கல்வியைக் கொடுத்த இந்த ஊர்கள் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டன. சென்னை, பெங்களூரு, துபாய், கனடா. முன்வராந்தாவில் தூண் வைத்த பெரிய வீடுகளில் இப்போது வயதான இருவர், அல்லது ஒருவர். கிறிஸ்துமஸ் காலையில் செல்போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் ஆள் வந்து வாசலில் நிற்பது என்பது வேறு. அந்த வீடுகளுக்கு ஆள் வந்து நிற்பது கேரல் ரவுண்டில் மட்டும்தான்.

கேரல் ரவுண்டுக்குப் போகிறவர்கள் கோயிலில் ஜெபம் செய்துவிட்டுக் கிளம்புவார்கள். தபேலா, கிடார், டிரம், சிவப்பு அங்கியில் கிறிஸ்துமஸ் தாத்தா, அவர் பையில் மிட்டாய். வீட்டுக்காரர்கள் விழித்திருந்தாலும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார்கள். முதல் அடி எழும்பியதும் வாசல் விளக்கு எரியும். பாட்டு, வேதவசனம், சபை ஊழியரின் சிறு ஜெபம், காணிக்கை உறை, வாழ்த்து. சில வீடுகளில் சுக்குக் காபியும் பருப்புவடையும். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதற்காகச் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம். மைக் இல்லாத தெருவில் வெறும் குரல்கள் பனியில் நடந்து வருவதைக் கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அண்மை ஆண்டுகளில் கேரல் ரவுண்ட் வேன் ஏறிவிட்டது. ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள். தெருமுனையில் வேன் நிற்கும், இறங்குவார்கள், ஒரு பல்லவி, அதிகம் போனால் ஒரு சரணம், உறை, வாழ்த்து, மறுபடி வேன். அந்த வீட்டில் ஆச்சி சாயங்காலமே குளித்து, நல்ல சேலை கட்டி, முறுக்கு டின்னை மேசைமேல் எடுத்துவைத்து, ராத்திரி இரண்டு மணி வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகளைப் பேர் சொல்லி விசாரிக்க ஆசை. இவன் யார் மகன், அவள் யார் பேத்தி என்று தெரிந்துகொள்ள ஆசை. "எய்யா, இன்னொரு பாட்டுப் படிச்சிட்டுப் போங்கய்யா" என்று கேட்பதற்குள் வேன் கிளம்பிவிடுகிறது. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு வாரம் முழுக்க அந்த வீடு காத்திருந்தது அந்த ஒன்றரை நிமிடத்துக்கா? இரண்டு இரவு ஆனாலும் சரி, மூன்று இரவு ஆனாலும் சரி, அந்த வாசலில் நாலு சரணமும் பாட வேண்டும், உள்ளே போய் உட்கார வேண்டும், கொடுப்பதைத் தின்ன வேண்டும்.

அப்படிச் செய்யலாம் என்பதற்குக் கண்முன்னே உதாரணமும் உண்டு. ஒரு சபையில் கேரல் பட்டியல் போடுகிற கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகக் கோயில் தெருவில் தொடங்கி, கிழக்குத் தெருவில் முடிப்பார்கள். கிழக்குத் தெரு போய்ச் சேர விடியற்காலம் மூன்று ஆகும். தொண்டை கட்டியிருக்கும், பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் அதிகமுள்ள தெருவும் அதுதான். கிழக்குத் தெருவை இந்த ஆண்டு விட்டுவிடலாமா, பகலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். பாட்டு நடத்துகிற வாத்தியார் பட்டியலை வாங்கித் தலைகீழாகத் திருப்பி எழுதினார். "கிழக்குத் தெருவிலே ஆரம்பிப்போம். ஒம்பது மணிக்கே போயிருவோம், தொண்டை நல்லா இருக்கும். ஆச்சிமாருக்குப் படிச்சிட்டு பெறகு வருவோம். கோயில் தெருக்காரங்க சின்ன வயசு, முழிச்சிருப்பாங்க." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன், அப்படியானால் சுக்குக் காபி எந்த வீட்டில் என்று கேட்டான். அதைப் பற்றிய விவாதம் முடிய அரை மணி நேரம் ஆனது.